கடை ஆட்கள் வாய் திறக்க ஒரு கட்டுச் சீட்டு



தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் முகம் சுளிக்கக் கூடும். கடைக்குள் சீட்டா, அதுவும் நம் சங்க இதழில் அதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். காசு வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதனால் கடையை இழந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கைப்பேசியில் ஆடும் சூதாட்டத்தைத் தடுக்க 2023இல் நம் மாநிலத்தில் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. நான் சொல்ல வந்தது வேறு விஷயம். மாதத்துக்கு ஒருமுறை கடையில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து, போன மாதம் எது சரியாக நடந்தது, எது தவறிப் போனது, வருகிற மாதம் எதை மாற்றலாம் என்று மனம் விட்டுப் பேசுவதற்குச் சீட்டை ஒரு கருவியாக வைத்துக்கொள்ளும் முறை இது. எங்கள் கடையில் நாலு வருடமாக நடந்து வருகிறது. பலரும் கேட்டதால் எழுதுகிறேன்.

நாம் கணக்குப் பார்க்காத நாள் கிடையாது. இரவு கல்லாவை எண்ணாமல் வீட்டுக்குப் போகிறவர் நம்மில் யாரும் இல்லை. பற்று வரவு, இருப்பு, ஜி.எஸ்.டி. எல்லாவற்றையும் பார்க்கிறோம். ஆனால் எவ்வளவு போயிற்று என்றுதான் கணக்கு சொல்லும். ஏன் போயிற்று என்பது கணக்குப் புத்தகத்தில் இராது. அது சரக்கு கட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவர், பருப்புப் புடைக்கிற அம்மா ஆகியோரிடம் இருக்கும். அவர்கள் அதைத் தாமாக வந்து நம்மிடம் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே மாதாமாதம் சமையல் எண்ணெய் டின் இரண்டு மூன்று இருப்பில் குறைந்து வந்தது. குடோன் சாவி ஒரு ஆளிடம் இருந்ததால் எல்லோர் கண்ணும் அவர் மேல் விழுந்தது. யாரும் வாய் திறந்து திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் சாவி வேறு கைக்கு மாறியது. அவர் டீ குடிக்கப் போனால்கூட மணி பார்க்க ஆரம்பித்தார்கள். பதினோரு வருடம் வேலை பார்த்த மனிதர், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் போன பிறகும் டின் குறைந்துகொண்டுதான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, மாலைக் கூட்ட நேரத்தில் ஓட்டல்களிலிருந்து போனில் வரும் ஆர்டரை வாயாலேயே சொல்லி ஆட்டோவில் ஏற்றி விடுகிறார்கள், பில் போடுவது ராத்திரிக்குத்தான், அதில் ஒன்றிரண்டு விட்டுப் போகிறது என்று. இதில் வேதனை என்னவென்றால், சரக்கு கட்டும் ஆட்கள் நாலு பேருக்கும் இது முதலிலிருந்தே தெரியும். போன் எடுத்தவர் முதலாளியின் மைத்துனர். மைத்துனர் பில் போட மறக்கிறார் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல எவனுக்குத் துணிவு வரும்? போன எண்ணெயை அடுத்த லோடில் வாங்கிக்கொள்ளலாம். அந்த மனிதருக்குப் போன பெயரை யார் வாங்கித் தருவது?

ஆட்கள் வாய் திறக்காததற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மனித சுபாவம் அப்படி. அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற மனோதத்துவ அறிஞர் 1951 வாக்கில் ஒரு சோதனை செய்தார். சில கோடுகளைக் காட்டி, முதல் கோட்டுக்குச் சமமான நீளமுள்ளது எது என்று கேட்பார். சிறு பிள்ளைக்கும் தெரியக்கூடிய விடை. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்து வைத்த ஆட்கள். சொல்லி வைத்தாற்போல் தப்பான கோட்டையே காட்டுவார்கள். அதைக் கேட்ட அந்த ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். அதே விடையை வாயால் சொல்லாமல் தனியாகத் தாளில் எழுதச் சொன்னபோது தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பின் அறியாதவர்கள் நடுவிலேயே இப்படி என்றால், சம்பளம் கொடுக்கிற முதலாளி எதிரில் எப்படி இருக்கும்?

இன்னொன்றையும் கேளுங்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அம்மையார் ஆஸ்பத்திரிகளில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நன்றாக நடக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கோ நேர் மாறாக, நல்ல வார்டுகளில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. நல்ல வார்டில் நர்சுகள் பயப்படாமல் தவறைச் சொன்னார்கள், கடுமையான வார்டில் மறைத்தார்கள். "நம்ம கடையில் ஒரு குறையும் இல்லை, எவனும் எதுவும் சொல்வதில்லை" என்று பெருமைப்படும் முதலாளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இந்தப் பயத்தைப் போக்குவதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் நமக்கு வெகு முன்பே வழி தேடிவிட்டார்கள். 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு சொல்லிக் கொடுத்த டெமிங் என்ற அமெரிக்கர் நிர்வாகத்துக்கு வகுத்த பதினாலு அம்சங்களில் ஒன்று, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டு என்பது. 1962 முதல் அங்கே இஷிகாவா என்பவரின் வழிகாட்டலில், ஒரே இடத்தில் வேலை செய்யும் சிலர் கூடி உட்கார்ந்து தங்கள் வேலையின் குறைகளைத் தாங்களே பேசித் தீர்க்கும் தர வட்டங்கள் தோன்றின. இந்தியாவில் 1980இல் ஐதராபாத் பி.எச்.இ.எல். ஆலையில் அது ஆரம்பமானது. 1911இல் நம் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1998இல் பிரேக் தயாரிப்புப் பிரிவுக்காக டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். பெரிய கம்பெனிக்குச் சரி, மாசி வீதிக் கடைக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. வேலை செய்கிறவனுக்குத் தெரிந்தது மேலே இருப்பவனுக்கு வந்து சேர வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் ஒன்றே.

சீட்டு எங்கே வந்தது என்றால், அதுவும் ஜப்பானிலிருந்துதான். ஜிரோ கவாகிதா என்ற மானிடவியல் அறிஞர் நேபாள மலைக் கிராமங்களில் சுற்றித் திரட்டிய ஏராளமான செய்திகளை ஒழுங்குபடுத்த வழி தேடினார். ஒரு சீட்டில் ஒரு செய்தி என்று எழுதி, தரையில் பரப்பி, சேர்ந்து போகிறவற்றைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு தலைப்புக் கொடுத்தார். 1967இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்து கே.ஜே. முறை என்பார்கள். தரையில் பரப்பிய சீட்டில் யார் எழுதியது என்ற பேச்சுக்கு இடமில்லை. என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியும்.

பின்னர் கணினி மென்பொருள் எழுதுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி, செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று 2001இல் அமெரிக்காவில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அறிக்கையின் கோட்பாடுகளில் ஒன்று கூறுகிறது. இன்று உலகம் முழுதும் மென்பொருள் கம்பெனிகளில் இது பழக்கமாகிவிட்டது. கூட்டம் சப்பென்று போகாமல் இருக்க அவர்கள் விதவிதமான சீட்டு விளையாட்டுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் குடியிருக்கும் கீழக்குயில்குடியிலிருந்து தேனி சாலையில் சற்றுத் தூரம் போனால் வடபழஞ்சியில் அரசாங்கத்தின் கணினிப் பூங்கா இருக்கிறது. அந்த வழியாக நூறு தடவை போயிருந்தும் உள்ளே இருக்கிறவர்கள் வேலை நேரத்தில் சீட்டுப் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை! சென்னையில் அந்த வேலை பார்க்கும் என் மகள்தான் ஒரு தீபாவளிக்கு வந்தபோது விவரம் சொன்னாள். நமக்கு ஏற்றபடி மாற்றியது நாங்கள்.

சீட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். "என்னப்பா குறை, தைரியமாச் சொல்லு" என்று முதலாளி கேட்டால், ஆளின் காதில் அது விசாரணையாகத்தான் விழும். அதே கேள்வி அவன் கையில் விழுந்த சீட்டில் இருந்தால், அவன் குறை சொல்லக் கிளம்பியவன் ஆக மாட்டான், தன் முறைக்கு ஆடுகிறவன் ஆகிவிடுவான். கேட்டது முதலாளி அல்ல, சீட்டு. சொல்லாவிட்டால்தான் ஆட்டம் நிற்கும். எங்கள் ஊரில் சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் உண்டு. மர நிழலில் கழுதை ஆட்டம் ஆடுகிறவர்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். அங்கே பத்து ஏக்கர்காரரைப் பார்த்துக் கூலிக்காரர் "வெட்டு" என்பார்; தோற்றவர் யாராக இருந்தாலும் கழுதைதான். ஆட்டம் முடிந்து எழுந்தால் பழைய மரியாதை திரும்பிவிடும். அந்த அரைமணி நேரத்து சமத்துவத்தைத்தான் கடைக்குள் கொண்டுவருகிறோம். சீட்டு எடுத்தால் சந்தேகம் வராது என்பது நம் முன்னோர்க்கும் தெரிந்ததுதான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர் வாரியத்துக்கு ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் செய்ததை விரிவாகச் சொல்கின்றன.

இனி ஆடும் விதம்.

சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்று போதும். நாலு ராஜாவையும் முதலிலேயே எடுத்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிடுவோம். அன்றைக்கு அந்த வட்டத்தில் ராஜா கிடையாது. (இதை முதல் தடவை செய்தபோது எழுந்த சிரிப்பிலேயே பாதி இறுக்கம் போய்விட்டது.) ஆர்ட்டின் விழுந்தால், போன மாதம் தனக்கு உதவியாக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைமண்ட் என்றால் காசு. எங்கே காசு வீணாயிற்று அல்லது எங்கே மிச்சமாயிற்று என்று சொல்ல வேண்டும். கிளாவர் இலை மாதிரி இருப்பதால், புதிதாக என்ன செய்து பார்க்கலாம் என்ற யோசனை. இஸ்பேட், ஆங்கிலத்தில் மண்வெட்டி என்று அர்த்தமாம், ஆகவே தோண்டி எடுக்க வேண்டிய தொல்லை எது என்பது. ஏஸ் வந்தால் எந்தச் சாதியானாலும் தான் பேசாமல் "பாஸ்" சொல்லிக்கொள்ளலாம். ஜோக்கர் வந்தவர் முதலாளியிடம் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். முதலாளி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். பிறகு பார்க்கலாம் என்பது செல்லாது.

ஆளுக்கு இரண்டு சீட்டு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் திருப்புவார், அப்படியே பழைய ஆள்வரை போய், முதலாளியின் சீட்டு கடைசியில். இந்த வரிசையை மாற்றவே கூடாது. முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் எல்லோரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள், ஆஷ் காட்டிய கோடு மாதிரி. பேசும்போது ஆள் பெயர் வரக் கூடாது, ஆர்ட்டினுக்கு மட்டும் விலக்கு. "இன்னார் பில் போடவில்லை" என்பதற்குப் பதில் "போன் ஆர்டர் பில் இல்லாமல் போகிறது" என்று வேலையைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கும் சீட்டின் நிறமும் பூவும் தெரியும் என்பதால் யாரும் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. எழுதிப் போடும் முறையில் இந்த வசதி கிடையாது. அதோடு கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையும் மிச்சம்.

இரண்டாம் சுற்று எனக்கு அதிகம் பிடித்தது. இதற்குப் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, ஆளுக்கு ஐந்து அட்டை, ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதிக் கொடுத்து வைத்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வியைப் பொதுவில் வைப்போம். "பண்டிகைக் கூட்டத்தை எப்படிச் சமாளித்தோம்?" "குடோன் எப்படி இருக்கிறது?" இந்த மாதிரி. நன்றாக இருந்தால் ஐந்து, மோசம் என்றால் ஒன்று. எல்லோரும் எண்ணைக் கவிழ்த்து வைத்து, மூன்று எண்ணியதும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். அதிகமாக வைத்தவரும் குறைவாக வைத்தவரும் ஏன் என்று சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணிப்பதற்காக ஜேம்ஸ் கிரென்னிங் என்ற மென்பொருள்காரர் 2002இல் இப்படிக் கவிழ்த்துத் திருப்பும் ஆட்டத்தை எழுதினார். ஒரே நேரத்தில் திருப்புவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. பெரியவர் என்ன வைத்தார் என்று பார்த்துவிட்டுச் சின்னவர் மாற்றிக்கொள்ள முடியாது.

கடைசியாக, பேசியதில் ஒன்று அல்லது இரண்டை மட்டும் எடுத்து நோட்டில் எழுதுவோம். என்ன செய்வது, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று. அடுத்த மாத ஆட்டம் அந்த நோட்டைப் படிப்பதில்தான் தொடங்கும். இரண்டுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடக்காது.

எங்கள் கடை கீழமாசி வீதியில் மொத்தப் பருப்பு, தானிய வியாபாரம். சரக்கு கட்டும் பையன்கள் (பெயர்தான் பையன், மூத்தவருக்கு நாற்பது ஆகிறது), மூட்டை இறக்குகிறவர்கள், புடைத்துப் பொறுக்கும் பெண்கள், கணக்குப்பிள்ளை, என் மகன், நான் எனப் பதினோரு பேர். முதல் இரண்டு மாதம் என்ன சீட்டு விழுந்தாலும் ஒரே பதில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி." மூன்றாவது மாதம் மூட்டை இறக்கும் ஒருவருக்கு ஜோக்கர் விழுந்தது. சீட்டைக் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சாக்குல கொக்கி போடாத, கிழியுதுன்னு சொல்றீக அண்ணாச்சி. கொக்கி இல்லாம ஒரு லோடு இறக்க எத்தன ஆள் வேணும்னு கணக்குப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டார். வட்டத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. விதிப்படி அங்கேயே பதில் சொல்ல வேண்டும். "எத்தனை வேணும், நீங்களே சொல்லுங்க" என்றேன். லோடு வரும் நாளில் கூட இரண்டு பேர் என்றார். கொக்கியால் கிழிந்து சிந்தும் பருப்பையும், கூட்டி அள்ளிப் புடைக்கும் கூலியையும் கணக்குப்பிள்ளை அங்கேயே போட்டுப் பார்த்தார். இரண்டு ஆள் கூலி அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. அன்று முதல் லோடு நாளில் இரண்டு பேர் கூடுதல். அதைவிட முக்கியம், கேட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மற்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள்.

அந்த வருடம் ஐப்பசியில் குடோனைப் பற்றி எண் சுற்று வைத்தோம். என் மகன் நாலு வைத்தான், கணக்குப்பிள்ளை ஐந்து. புடைக்கும் பெண்கள் மூன்று பேரும், பேசி வைத்துக்கொள்ளாமலே, ஒன்று வைத்திருந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா, "மேக்குச் செவரு ஓரத்து மூட்டையில கை வச்சா சில்லுங்குது அண்ணாச்சி, உளுந்து கைல ஒட்டுது, நாங்க போன வருசமே பாத்தோம்" என்றார். போன வருடம் அந்த உளுந்தை விலை தள்ளி விற்றபோது, மில்லிலிருந்தே ஈரமாக வந்தது என்று மில்காரரோடு வாக்குவாதம் நடந்திருந்தது. இப்போது மூட்டைகளைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, கீழே மரச்சட்டம் போட்டு அடுக்குகிறோம். கிட்டங்கிகளில் எல்லாம் உள்ள பழைய முறைதான். அடுத்த மழைக்கு மேற்குச் சுவர்ப் பக்கம் ஒரு மூட்டையும் கெடவில்லை. ஆனால் கூரை ஒழுகி வேறொரு மூலையில் நனைந்தது. அதை அடுத்த மாதத்து இஸ்பேட் பார்த்துக்கொண்டது.

புடைக்கும் பெண்கள் கேட்ட இன்னொன்று, கல் பொறுக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு விளக்கு. சரக்கு கட்டுகிறவர்கள் கேட்டது உட்கார ஆளுக்கொரு ஸ்டூல். கடை ஆட்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தமே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். இன்னும் செய்யாதவர்கள் சீட்டு விழும்வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இந்த ஆட்டம் இன்றுவரை பிடிக்கவில்லை. ஏஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் நோட்டை எழுதி வைப்பது அவர்தான், தேதி தவறினால் விடமாட்டார். எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதைப் பார்த்துத் தொடங்கி நிறுத்திவிட்ட கடையும் உண்டு. அங்கே ஒரு பையன் தராசைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான். மறுநாள் காலையில் கடை திறந்ததும் முதலாளி அவனைத் தனியே கூப்பிட்டு, "எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக்கூட இல்லையாம், சாதாரணமாகத்தான் கேட்டாராம். அடுத்த மாதம் யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தாலும் எல்லோரும் ஆர்ட்டின் விழுந்த மாதிரியே பேசினார்கள். அதற்கடுத்த மாதம் ஆட்டமே இல்லை. வட்டத்தில் கேட்டதை வட்டத்துக்கு வெளியே ஒருவர் மேல் திருப்பினால் அதோடு முடிந்தது; ஒரு தடவை போதும். இதற்கு மனம் ஒப்பாத முதலாளி ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

சில விஷயங்களைச் சீட்டில் போடக் கூடாது. சம்பளத்தைத் தனித்தனியாகத்தான் பேச வேண்டும். சம்பளம் குறைவாக இருக்கும் கடையில் ஆட்டம் வைத்து ஆட்களைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்தால் நடக்காது, அவர்கள் அவ்வளவு ஏமாளிகள் அல்லர். கையாடல் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு வேறு வழி உண்டு. பெண்களிடம் யாராவது தகாத முறையில் நடந்தால் அதைப் பத்துப் பேர் நடுவில் பேச வைப்பது அவர்களுக்கு இரண்டாவது தண்டனை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கென்று உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஆள் வைக்காத சிறு கடைக்காரர்கள், வீட்டு முன்கட்டில் கடை நடத்துகிறவர்கள், நமக்கு இதில் என்ன என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கணவன் மனைவி இரண்டே பேர் நடத்தும் கடையில்தான் பேச்சு சண்டையில் முடிகிறது! பகலெல்லாம் கடையில் இருப்பது மனைவி, சரக்கு எடுப்பது கணவன். கேட்ட சாமான் இல்லை என்று திரும்பிப் போனவர் எத்தனை பேர் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் ஒரு தம்பதியர் பத்துப் பன்னிரண்டு கேள்விகளைக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் யார் எதைக் கேட்டு இல்லையென்று போனார்? எந்தப் பாக்கெட் தேதி முடியும் நிலையில் கிடக்கிறது? எந்தக் கடன் நோட்டில் ஏறிக்கொண்டே போகிறது? பணம் வந்துவிட்டது என்று கைப்பேசிப் படத்தை மட்டும் காட்டிவிட்டுப் போனவர் உண்டா? வெள்ளிக்கிழமை ராத்திரி ஆளுக்கு ஒன்று உருவுவார்கள். அவர் கேட்டால் குற்றச்சாட்டு, இவர் கேட்டால் சந்தேகம். அட்டை கேட்டால் இரண்டும் இல்லை. பத்திரிகை அட்டையை வெட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எப்படி அண்ணாச்சி வெட்டுவது என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். அதுவும் சரிதான்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விடுமுறை நாளில் ஆட்களைக் கூப்பிட்டு இதை வைக்காதீர்கள். அரைமணி நேரம் வேலை நேரத்திலேயே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து உட்காருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். எல்லோருக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் யோசனையில் இருக்கும். சித்திரைத் திருவிழா, தீபாவளி முடிந்த வாரத்தில் கட்டாயம் ஒன்று வைக்க வேண்டும். கூட்டத்தில் பட்ட பாடு அப்போதுதான் பசுமையாக ஞாபகம் இருக்கும், பத்து நாள் போனால் மறந்துவிடும்.

புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஆடி மாதம் தோதானது. கல்யாணச் சரக்கு ஆர்டர் இராது, ஆட்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். முதல் ஆட்டத்தை ஆடி பிறந்த வாரமும் அடுத்ததைப் பெருக்கு கழிந்தும் வைத்துக்கொண்டால், ஆவணி முகூர்த்தங்களுக்கு மூட்டை கட்டத் தொடங்கும்போது நோட்டில் நாலு வரியாவது ஏறியிருக்கும்.